அப்பாவின் நினைவு அட்டையில் "அற்றைத் திங்கள்" போடலாமா?

டிக்கோயாக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, கொஞ்சம் முன்னால் எங்கள் அப்பா தவறிவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், செடிகளை மட்டமாக வெட்டிவிடுகிற வேலை. கத்தியை அவரேதான் தீட்டுவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். கருமாதி முடிந்துவிட்டது. இப்போது ஒரு மாத நினைவுக்கு அட்டை அடிக்க வேண்டும். அண்ணன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. அங்கேயிருந்து வட்ஸ்அப்பில் மாதிரி அட்டைகள் அனுப்பினான். குலவிளக்கு அணைந்தது, குடும்பத் தூண் சாய்ந்தது, தெய்வமாய் எங்களைக் காப்பீர். எல்லாவற்றிலும் இதேதான். அப்பா படத்தை எடுத்துவிட்டு அடுத்த லயத்து, அதாவது அடுத்த வரிசை வீட்டு, தாத்தா படத்தை வைத்தாலும் அப்படியே பொருந்தும். அப்பா தூண் மாதிரி எல்லாம் இருந்ததில்லை. நல்லாச் சிரிப்பார், சீட்டு ஆடுவார், மழை பெய்தால் பாட்டுப் பாடுவார்.

உயர்தரம் படிக்கும்போது எங்கள் தமிழ் சார் பாடத்துக்கு வெளியே ஒரு பாட்டுச் சொல்லித் தந்தார். "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்" என்று தொடங்கும். பாரியின் பிள்ளைகள் அப்பா செத்த பிறகு பாடியது என்றார். அன்றைக்கு அது பரீட்சைக்கு வருமா வராதா என்றுதான் பார்த்தோம். அப்பா போன பிறகு வந்த போயா அன்று ராத்திரி, வாசலில் நின்றபோது தானாக வாயில் வந்தது. அதையே அட்டையில் போடலாம் என்று அண்ணனிடம் சொன்னேன். "அது சினிமா லவ் பாட்டு இல்லையா" என்றான். அவனை விடுங்கள். பிரச்சினை பெரியப்பாதான்.

பெரியப்பா சொல்வது: அது ராஜா வீட்டுப் பிள்ளைகள் பாடியது, நமக்கு எதற்கு? அட்டை ஆண்பிள்ளை பெயரில் போவது, அதில் பொம்பளைப் பிள்ளைகள் பாட்டுப் போடுவது முறையில்லை. சாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கடைசியாக அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது, "குன்றும் கொண்டார்", மலையையும் பிடித்துக்கொண்டார்கள், என்று அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தால் தோட்டத்து ஆபீசில் என்ன நினைப்பார்கள்?

அதற்குக் காரணம் உண்டு. இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தோட்டத்தில் வேலைக்குப் பேர் இல்லை. அம்மா ஓய்வு எடுத்துவிட்டார். நான் டவுனில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். கருமாதிக்கு வைத்த பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை, நாங்கள் இருக்கிற தோட்டத்துக் காம்பரா வீட்டை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள். எந்தத் தோட்டம் என்று சொல்ல விரும்பவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். இதை உண்மையிலேயே பாரியின் பிள்ளைகள்தான் பாடினார்களா? அவர்கள் பெயர் அங்கவை, சங்கவை என்பது சரியா, அட்டையில் போடலாமா? பாட்டில் வருகிற "வேந்தர்" என்பது யார்? எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு அப்பாவின் சாவுக்கு இது பொருந்துமா, இல்லை பெரியப்பா சொல்வதுதான் சரியா?

பழைய வாத்தியார் (ஹட்டன்):

மகள், உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் சாரை எனக்குத் தெரியாது, ஆனால் பாடத்துக்கு வெளியே இந்தப் பாட்டைச் சொல்லித் தந்தவர் நல்ல வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் பாட்டை முழுதாகப் போடுகிறேன். புறநானூறு 112ஆம் பாட்டு. ஐந்தே வரி.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

அந்த மாத நிலவில் அப்பாவும் இருந்தார், எங்கள் மலையையும் யாரும் பிடிக்கவில்லை. இந்த மாத நிலவில் வெற்றி முரசு அடிக்கிற வேந்தர் எங்கள் மலையையும் பிடித்துவிட்டார்கள், அப்பாவும் இல்லை. இதுதான் பொருள்.

யார் பாடியது என்றால், பாட்டின் கீழே பழைய குறிப்பு "பாரி மகளிர்" என்று மட்டும் சொல்கிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் புறநானூற்றில் எங்கேயும் கிடையாது. பிற்காலத்துக் கதைகளில் ஔவையாரோடு சேர்ந்து வருகிற பெயர்கள் அவை. அட்டையில் "பாரி மகளிர்" என்று போடுங்கள், அது போதும். பாரியின் நண்பரான புலவர் கபிலரே எழுதிப் பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டார் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. இதற்கு அடுத்த பாட்டு, 113, கபிலருடையது. பாரியின் பறம்பு மலையை விட்டுப் போகும்போது அந்த மலையையே கும்பிட்டுப் பாடுகிறார். மது நிறைந்த சாடிகள், ஆட்டுக் கறி, துவையல், சோறு என்று அந்த வீட்டின் வளத்தை ஒவ்வொன்றாகச் சொல்லி, "நீர்வார் கண்ணேம்" என்று கண்ணீரையும் சொல்லிவிட்டுத்தான் போகிறார். கபிலர் துக்கப்பட்டால் விரிவார். பிள்ளைகள் பாட்டில் கண்ணீரே இல்லை. "ஐயோ" இல்லை, அப்பா நல்லவர் வல்லவர் என்ற பேச்சும் இல்லை. இருந்தது, இல்லை. அவ்வளவுதான். இரண்டும் ஒரே கை எழுதியது என்று என்னால் நம்ப முடியாது.

வேந்தர் யார் என்றால் சேர, சோழ, பாண்டியர் மூன்று பேரும். மூன்று பேரும் சேர்ந்து பறம்பு மலையை முற்றுகை போட்டார்கள். அப்போது கபிலர் உள்ளே இருந்துகொண்டு அவர்களுக்குச் சொன்னதுதான் 109ஆம் பாட்டு. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். நீங்கள் எவ்வளவு நாள் சுற்றி நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள், உழாமலே விளைகிறது நான்கு அங்கே உண்டு என்கிறார். மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பிறகு ஒரு யோசனையும் சொல்கிறார். சண்டை போட்டு இந்த மலையைப் பிடிக்க முடியாது, யாழை எடுத்துக்கொண்டு ஆடிப் பாடுகிற பெண்களான உங்கள் விறலியர் பின்னால் வர ஆடிப் பாடிக்கொண்டு போங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான். பிச்சை கேட்டால் கிடைக்கும், படை கொண்டு வந்தால் கிடைக்காது. மூன்று முடிமன்னர்களைப் பார்த்து இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

நேர்ப் போரில் முடியாததை வஞ்சத்தால் முடித்தார்கள், பாரியைக் கொன்றார்கள். அதனால்தான் "வென்றெறி முரசின் வேந்தர்" என்பதைப் பழைய உரைகாரர் இகழ்ச்சிக் குறிப்பு என்று எடுக்கிறார். வெற்றி முரசு அடிக்கிற பெரிய ராஜாக்கள், பார்த்தீர்களா என்று. நம் பெண்கள் ஒப்பாரியில் யாரையாவது "மகராசன்" என்று நீட்டிச் சொன்னால் அது புகழ்ச்சியா என்று உங்களுக்கே தெரியும்.

இனி, பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதல் பாதியில் அப்பா முன்னால் வருகிறார், மலை பின்னால். இரண்டாம் பாதியில் மலை முன்னால் வந்துவிடுகிறது, அப்பா கடைசிக்குப் போய்விடுகிறார். கணக்குப்படி பார்த்தால், போன மாதம் இரண்டு இருந்தன, இந்த மாதம் இரண்டும் இல்லை. ஆனால் சொல்ல முடிந்ததை முதலில் சொல்லி, வாயில் வராததைக் கடைசி வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். மலை போனதைச் சொல்லும்போது பிடித்தவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது, முரசு இருக்கிறது. அப்பாவைச் சொல்லும்போது யார் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் ஒன்றும் இல்லை. "யாம் எந்தையும் இலமே." முடிந்தது.

இன்னொன்று. இதை நான் வகுப்பில் சொல்லும்போது பின்வரிசைப் பயல்கள்கூட நிமிர்ந்து உட்கார்வார்கள். இரண்டாம் வரியைப் பாருங்கள், "எம் குன்றும்" ஒரே வரியில் இருக்கிறது. நான்காம் வரியில் "எம்" அந்த வரியின் நுனியில் நிற்கிறது. "குன்றும்" அடுத்த வரிக்குப் போய்விட்டது. யாப்பு அப்படி. இந்த வகை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தின அடி மூன்று சீரோடு குறைந்து நிற்கும். இலக்கணம் கேட்கிற இடத்திலேயே மலையையும் அதன் சொந்தக்காரரையும் பிரித்து வைத்தது யாப்பின் வேலையா பிள்ளைகளின் வேலையா, நீங்களே சொல்லுங்கள்.

பெரியப்பாவின் பேச்சுக்கு வருகிறேன். இந்தப் பாட்டின் துறை கையறுநிலை. "கழிந்தோர் தேஎத்து அழிபடர் உறீஇ ஒழிந்தோர் புலம்பிய கையறு நிலையும்" என்று தொல்காப்பியம் சொல்கிறது. போனவர்களை நினைத்து, மிஞ்சியவர்கள் மனம் உடைந்து புலம்புவது. மிஞ்சியவர் ஆணா பெண்ணா என்று தொல்காப்பியர் கேட்கவில்லை. நம் தோட்டங்களில் தப்பு அடிக்கிறது ஆண்கள், சரி. பாடை எழும்புகிற வரை கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பது யார், பெரியப்பாவா? போடுங்கள் மகள். தாராளமாகப் போடுங்கள்.

ஆபீசில் என்ன நினைப்பார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மூன்று ராஜாக்களும் இந்தப் பாட்டைக் கேட்டு என்ன நினைத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஊவாக்காரன்:

சார் சொன்னதெல்லாம் பாட்டுக்குச் சரி. ஆனால் தங்கச்சி கேட்டது பாட்டைப் பற்றி மட்டும் இல்லையே, தன் அப்பாவைப் பற்றியும்தானே. நான் இதை மறுக்கிறேன்.

பாரி மகளிர் "எம் குன்று" என்று சொல்ல முடியும். அவர்கள் அப்பா அந்த மலைக்குத் தலைவன். நமக்கு எந்த மலை எம் குன்று? காட்டை வெட்டி, கோப்பியை நட்டு, அது நோயில் அழிந்த பிறகு தேயிலையை நட்டது நம் ஆட்கள். ஆனால் நட்டவனுக்கு ஒரு பேர்ச் நிலம் எழுதிக் கொடுத்தார்களா? 1948இல் பிரஜாவுரிமையையே எடுத்தார்கள். 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேருக்குப் பிறகு பார்ப்போம் என்றார்கள், பத்து வருசம் கழித்து அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். இப்போதும் தோட்டத்தில் பேர் இருந்தால் காம்பரா, இல்லாவிட்டால் ஆள் வரும். தங்கச்சிக்கு வந்த மாதிரி. மலை நம்மிடம் இருந்ததே இல்லை. இல்லாததை எப்படி ஒருவன் பறிக்க முடியும்?

நம் சாவுக்கு நம்மிடமே ஒரு பாட்டு இருக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை மடக்கொம்பரையில் 1914இல் பிறந்தவர், 1947இல் தலவாக்கலைக்கு எம்.பி.யாக முதல் பாராளுமன்றத்துக்குப் போனவர். தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையில் அவர் கேட்கிறார்: புழுதிக்குள் புதைந்த என் மக்களுக்கு ஒரு கல்லறை இல்லை, நினைவுநாள் இல்லை, அந்தப் புதைமேட்டில் ஒரு காட்டுப்பூவைப் போட ஆள் இல்லை. இதற்கு ராஜா வேண்டாம், முரசு வேண்டாம். தமிழில் வந்துவிட்டது, தேடினால் கிடைக்கும். தங்கச்சி, அதைப் போடுங்கள்.

பட்டினத்தாரைப் போடலாம் என்று யாராவது வருமுன் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா சுடலையில் நின்று "அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே" என்று பாடினால் மண்வெட்டி பிடித்தவனும் அழுவான். "பின்னை இட்ட தீ தென்னிலங்கையில்" என்று நம் நாடும் அதில் வருகிறது. ஆனால் அது அம்மாவுக்குப் பாடியது. அப்பாவுக்கு ஆகாது.

அச்சகத் தம்பி:

நான் டவுனில் ஒரு அச்சகத்தில் டிசைன் பண்ணுகிறேன். பாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது, அட்டையைப் பற்றித் தெரியும். அக்கா, ரெண்டு விஷயம். ஒன்று, குத்துவிளக்கு, மேகம், படிக்கட்டு படம் எல்லாம் டெம்ப்ளேட்டோடு வரும், வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் அப்பா மேகத்துக்கு நடுவில் இருப்பார். ரெண்டு, பழைய பாட்டுக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் அவர்கள் இஷ்டத்துக்குத் திருத்துவார்கள். "அற்றை" என்று கொடுத்தால் "அன்றை" என்று அடிப்பார்கள், பிழை திருத்திக் கொடுத்தோம் என்று பெருமை வேறு. ப்ரூஃப் பார்க்காமல் ஓகே சொல்லாதீர்கள்.

கோத்தகிரிப் பேத்தி:

நான் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாயி பிறந்தது தலவாக்கலைப் பக்கம். அந்த 5,25,000 என்ற கணக்கில் எங்கள் குடும்பமும் அடங்கும். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வந்து சேர்ந்தார்கள். மறுபடியும் கொழுந்து, மறுபடியும் லயம். இங்கே எங்களைச் "சிலோன்காரங்க" என்பார்கள்.

ஊவா அண்ணாவுக்குச் சொல்ல வேண்டும். அப்பாயிக்கு அங்கே ஒரு அடி நிலம் சொந்தமில்லை, அது உண்மை. ஆனால் சாகிற வரைக்கும் அவர் "நம்ம மலை" என்று சொன்னது அந்த மலையைத்தான். கோத்தகிரியில் இத்தனை வருசம் இருந்தும் இதை அப்படிச் சொன்னதில்லை. நம் ஆட்கள் பேச்சில் மலை என்றால் கொழுந்து எடுக்கிற இடம்தானே. இன்றைக்கு எந்த மலை, ஆறாம் நம்பர் மலையா என்று. பத்திரம் வேறு, பேச்சு வேறு. பறிகொடுத்தேன் என்று அழுவதற்குப் பத்திரம் வேண்டுமா என்ன?

பறம்பு மலை என்று சொல்கிற பிரான்மலைக்கு நான் போயிருக்கிறேன். சிவகங்கை மாவட்டத்தில், சிங்கம்புணரிக்குப் பக்கம். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய சிவன் கோயில், உச்சியில் ஒரு தர்கா. ஏற ஏற மூச்சு வாங்கும், தேயிலை மலை ஏறிப் பழகிய குடும்பம் என்று பெருமை பேசினதெல்லாம் பாதி வழியில் போய்விட்டது. கீழே பார்த்தால் வயலும் கண்மாயும் பொட்டலும். யாராவது படையோடு வந்தால் ரொம்பத் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

அதைப் பார்த்தபோதுதான் 116ஆம் பாட்டு எனக்குப் புரிந்தது. கபிலர் பாடியது. பாரி இருந்தபோது அந்தப் பிள்ளைகள் மலை உச்சியில் ஏறி நின்று, சண்டைக்கு வந்த ராஜாக்களின் குதிரைகளை எண்ணி விளையாடினார்கள். முற்றுகையையே விளையாட்டாகப் பார்த்த பிள்ளைகள். அப்பா போன பிறகு யாரோ ஒருவர் வீட்டு வாசலில், ஈச்ச இலை கொட்டிக் கிடக்கிற குப்பைமேட்டில் ஏறி நின்று, உப்பு விற்கப் போகிறவர்களின் வண்டிகளை எண்ணுகிறார்கள். எண்ணுகிற பழக்கம் போகவில்லை. 112ஐ மட்டும் படித்தால் அழகான பாட்டு என்று தோன்றும். 116ஐயும் சேர்த்துப் படித்தால்தான் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்பது என்றால் என்ன என்று தெரியும். மண்டபத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும்.

அக்கா, போடுங்கள். என் வோட்டு அதற்குத்தான்.

ஊவாக்காரன்:

கோத்தகிரித் தங்கச்சி, உணர்ச்சியை நான் மறுக்கவில்லை. "நம்ம மலை" என்று வாயாரச் சொல்லிச் சொல்லியே வீடு கட்ட ஏழு பேர்ச் காணிக்குக் கூட இன்னும் வரிசையில் நிற்கிறோம் என்பதைத்தான் சொல்கிறேன். அழுவதற்குப் பத்திரம் வேண்டாம். குடியிருக்க வேண்டும்.

பழைய வாத்தியார் (ஹட்டன்):

ஊவாத் தம்பியின் கோபம் நியாயமான கோபம். சி. வி.யை நான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவன், அவர் பாட்டைப் போட்டாலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாரிக்கு மலை சொந்தம், நமக்கு இல்லை என்ற இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 110ஆம் பாட்டில் கபிலர் கணக்குச் சொல்கிறார்: பறம்பு நாட்டில் முந்நூறு ஊர், முந்நூறும் பரிசில் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று. மிச்சம் என்ன? "யாமும் பாரியும் உளமே, குன்றும் உண்டு." நாங்கள் இருக்கிறோம், மலை இருக்கிறது, அவ்வளவுதான். சாகும்போது பாரியும் பெரிய காணிக்காரன் இல்லை தம்பி. பிள்ளைகள் பாட்டில் அப்பாவும் மலையும் மட்டும் ஏன் வருகின்றன என்பதற்கு அதுதான் காரணம். அந்த வீட்டில் வேறு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டால், கபிலர் அவர்களைக் கூட்டிக்கொண்டு விச்சிக்கோ, இருங்கோவேள் என்று சிற்றரசர்களின் வாசல் வாசலாகப் போய்ப் பெண் எடுக்கச் சொல்லிக் கேட்டார். இருங்கோவேள் மறுத்ததற்கு அவனை ஒரு பாட்டில் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார், அது 202. திருக்கோவலூர்க் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாரியின் பெண்ணை அந்த ஊர்த் தலைவன் மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. பாட்டுக்கும் அந்தக் கல்வெட்டுக்கும் நடுவில் பல நூறு வருசம். இருந்தாலும் அத்தனை வருசம் கழித்தும் அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

டிக்கோயாக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பெரியப்பா "பாடை எழும்பும் வரை ஒப்பாரி வைப்பது யார்" என்ற இடத்தில் வெற்றிலையைத் துப்புகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

அம்மா முழுக்கக் கேட்டார். அம்மா அஞ்சாம் வகுப்போடு கொழுந்துக்குப் போனவர், இந்தத் தமிழ் அவருக்குப் புரியாது என்று வரி வரியாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் புள்ளைங்களோட அம்மா எங்க?"

சார், நான் அதை யோசிக்கவே இல்லை. ஐந்து வரியில் அப்பா இருக்கிறார், மலை இருக்கிறது, எதிரிகூட இருக்கிறான். அம்மா இல்லை. அவர் செத்துவிட்டாரா, உயிரோடு இருந்தாரா? இதற்கு என்ன பதில் சொல்வது?

ஊவா அண்ணா, நீங்கள் சொன்னதைத் தள்ளிவிடவில்லை. காம்பரா விஷயமாகத் தொழிற்சங்கத்தில் போய்ப் பேசப் போகிறோம், அது அட்டையில் தீருகிற காரியம் இல்லை. ஆனால் அப்பா கவ்வாத்து வெட்டிய மலை எங்கள் வாசலிலிருந்து தெரிகிறது. அவர் கத்தி பட்ட செடியில்தான் இப்போது யாரோ கொழுந்து எடுக்கிறார்கள். அதை எம் குன்று என்று சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

பழைய வாத்தியார் (ஹட்டன்):

உங்கள் அம்மா என் வகுப்பில் இருந்திருந்தால் என்னைத் தூங்க விட்டிருக்க மாட்டார்.

அந்தப் பாட்டில் அம்மா இல்லைதான். அப்பாவை இழந்த பிள்ளைகளின் பாட்டு அது. ஆனால் கணவனை இழந்தவளின் குரல் புறநானூற்றில் தனியாக இருக்கிறது. 248ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. ஒரு பெண் குளத்து வெள்ளாம்பலைப் பார்த்துச் சொல்கிறாள். சின்ன வயதில் அந்த ஆம்பல் இலையை எடுத்துத் தழையாடையாகக் கட்டிக்கொண்டோம். இப்போது கணவர் போய்விட்டார், வேளை தப்பிச் சாப்பிடுகிற இந்தக் காலத்தில் அதே ஆம்பலின் அரிசிதான் சோறு. முன்னே அழகுக்கு ஆனது, இப்போது வயிற்றுக்கு ஆகிறது. அவளும் "ஐயோ" என்று ஒரு சொல் சொல்லவில்லை. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். விரும்பினால் அட்டையின் பின்பக்கத்தில் போடலாம்.

டிக்கோயாக்காரி:

வாசித்துக் காட்டினேன் சார். "அந்த மனுசியும் பாவம்தான். ஆனா அதைப் போடாத, நான் சோறு இல்லாம கெடக்கேன்னு ஊரெல்லாம் நெனைக்கும்" என்றார். பின்பக்கத்தில் அப்பா சிரிக்கிற படம் போடுகிறோம். முன்பக்கத்தில் பாட்டு, கீழே "பாரி மகளிர்", அதற்குக் கீழே எங்கள் இரண்டு பேர் பெயரும். அண்ணன் பெயர் முதலில் வர வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். அதை விட்டுக்கொடுத்துவிட்டேன்.

அச்சகத் தம்பி, நான்காவது வரி மற்ற வரிகளை விடச் சின்னதாக இருக்கும். ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து "குன்றும்" என்பதை மேலே ஏற்றிவிடாதீர்கள். "வேந்தர்எம்" என்பதோடு வரி முடிய வேண்டும். குத்துவிளக்கும் மேகமும் வேண்டாம்.

அச்சகத் தம்பி:

சரி அக்கா. செண்டர் பண்ணாமல் இடது பக்கம் ஒட்டி வைக்கிறேன், அப்போது வரி குட்டையாக இருப்பது வேண்டுமென்றே வைத்தது என்று தெரியும். நாளைக்குப் பின்னேரம் ப்ரூஃப் வட்ஸ்அப்பில் வரும்.